தேன் கொடுத்தால் செம்பிலி ஆட்டுக்குப் பால் கூடுமா?

காங்கேயம் பக்கம் மேச்சேரி இனச் செம்பிலி ஆடும் (செம்மறி ஆடு) தேன்பெட்டியும் சேர்த்து வைத்திருக்கிறேன், அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டே கேட்கிறீர்கள். சரி, வந்த கேள்விகளைப் பார்ப்போம்.

தாராபுரத்திலிருந்து: அண்ணா, ஈன்ற ஆட்டுக்குப் பால் பத்தவில்லை. தினமும் தேன் ஊற்றினால் கூடுமா?

கூடாதுங்க. தேனில் முக்கால்வாசிக்கு மேல் சர்க்கரை, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். பால் விஷயம் குட்டி விழுவதற்கு முன்னாலேயே பாதி முடிந்துபோகிறது. சினைக்காலம் கிட்டத்தட்ட 150 நாள், அதில் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும், மடியும் கட்டும். அந்த ஆறு வாரம் கோடையில் விழுந்தால் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் கம்பியாகக் காய்ந்து கிடக்கும், ஆடு நாளெல்லாம் நடந்துவிட்டு அரை வயிற்றோடு பட்டிக்கு வரும், அப்புறம் பால் எங்கிருந்து வரும்? சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு கலந்து தலைக்கு 250 கிராம் கொடுங்கள். முதல் நாளே முழு அளவு வேண்டாம், கைப்பிடியில் ஆரம்பித்து ஏற்றுங்கள், இல்லையென்றால் வயிறு புளித்துப் படுத்துவிடும்.

கோபியிலிருந்து: மகரந்தத் தூள், புரோபோலிஸ் என்று ஆட்டுக்கே விற்கிறார்களே?

மகரந்தத்தில் புரதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடலைப் புண்ணாக்கில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது, விலையோ ஒட்டவே ஒட்டாது. புரோபோலிஸ் என்பது மரப்பிசினைத் தேனீ கொண்டுவந்து பெட்டி இடுக்கில் பூசுவது, கிருமியை அடக்கும். வெளிநாட்டில் பாலுக்காகவே வளர்க்கிற ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பலன் ஒரே மாதிரி வரவில்லை. நம்ம மேச்சேரி கறிக்கும் தோலுக்கும் உள்ள இனம், பால் குட்டிக்கு மட்டும். அந்தக் காசில் ஒரு மூட்டைப் புண்ணாக்கு வாங்கலாம்.

பவானியிலிருந்து: என் பெட்டியிலேயே புரோபோலிஸ் சுரண்டலாமா?

அடுக்குத்தேனீ என்றால் சுரண்ட ஒன்றும் இருக்காது, அது பிசின் சேர்க்கிற பழக்கமே இல்லாத தேனீ. இத்தாலியத் தேனீதான் சேர்க்கும்.

சென்னிமலை அம்மணி ஒருவர்: ஆட்டைக் கறப்பதில்லை, பால் கூடியதென்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, தூள் விற்கிறவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும். குட்டியை நாலு மணி நேரம் பிரித்து வையுங்கள். பைக்குள் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள், ஊட்டவிட்டு உடனே மறுபடி பாருங்கள். கூடின எடைதான் குடித்த பால். நடுவில் குட்டி மூத்திரம் பெய்துவிட்டால் கணக்குப் போச்சு, எனக்கு இரண்டு தடவை போனது.

ஓமலூரிலிருந்து: பிறந்த குட்டி நாக்கில் தேன் வைக்கலாமா?

வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்.

பல்லடத்திலிருந்து: காம்பு வெடிப்புக்குத் தேன் தடவலாமா?

தடவலாம், தேன் புண்ணை ஆற்றும். ஆனால் பட்டியில் எறும்பும் ஈயும் உங்களுக்கு முன்னால் வந்துவிடும், ஊட்டவிடும் முன் துடைத்தும் எடுக்க வேண்டும். மடி ஒரு பக்கம் மட்டும் கல்லாகி, தொட்டால் சுட்டு, குட்டியை ஆடு உதைத்துத் தள்ளினால் அது மடிநோய். தேனை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.