ஆச்சியின் காது

அன்புள்ள சார்,

1978இல் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. பதினொரு பேர். நடுவில் நாற்காலியில் ஆச்சி. பின்வரிசையில் பெல்ஸ் பேன்ட்டோடு அண்ணன். அந்த வருடம்தான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஆச்சியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏழு வயது நான்.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காக அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, போனில் பல எஃபெக்ட்களைப் போட்டுப் பார்த்தேன். பென்சில் ஓவியம், கார்ட்டூன், எல்லோரும் கண் சிமிட்டும் வீடியோ. கடைசியில் கீறல்களை நீக்கி, கலர் ஏற்றி, பெரிதாக ஃபிரேம் போட்டேன். ஆச்சியின் தொங்கிப்போன காதைக்கூட அழகாக ஒட்டிக் கம்மல் போட்டுவிட்டது. விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள். அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "பெரியவங்க படத்த வச்சு விளையாடுதியோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

நான் செய்தது தவறா? இந்த மாதிரி எடிட்டிங்கைக் கலை என்று சொல்லலாமா? நல்ல ஆப் ஏதாவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

ஆப் விஷயத்தை வீட்டிலிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். கலையா இல்லையா என்பதையும் விட்டுவிடுங்கள். அது 1850களிலேயே ஆரம்பித்த சண்டை. 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்ற புகைப்படக்காரர் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் சுற்றியிருக்கும் வீட்டாரையும் ஒரே படமாகச் செய்தார். அதற்கு முந்தைய வருடம் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்திருந்தார். அவர்கள் இருட்டறையில் வாரக்கணக்கில் செய்ததை நீங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்கிறீர்கள். அப்போதும் பார்த்துக் கோபப்பட்டவர்கள் உண்டு. சாப்பிடாமல் போனவர்கள்கூட இருந்திருக்கலாம்.

இந்தக் கேள்விகளுக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "ஆச்சியின் தொங்கிப்போன காதைக்கூட அழகாக ஒட்டிக் கம்மல் போட்டுவிட்டது" என்று. அதை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை கோபம் வந்துவிட்டது.

தொங்கிப்போன காதா? திருநெல்வேலிக்காரர் எழுதுகிற வார்த்தையா இது? அது வளர்த்த காது ஐயா. பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சைத் திரித்து வைத்து, துளை விரிய விரிய ஈயக் குணுக்கு மாட்டி, எடையைக் கூட்டிக்கொண்டே போய், வருடக்கணக்கில் வளர்த்தது. புண்ணாகும், சீழ் வைக்கும், பிள்ளை ராத்திரியெல்லாம் அழும். அதைத் தாண்டித்தான் பாம்படம் ஏறும். மதுரைப் பக்கம் தண்டட்டி. தங்கத் தகட்டுக்குள்ளே அரக்கை அடைத்து, சதுரமும் உருண்டையுமாக ஒன்றோடொன்று பொருத்திய அந்த நகையைக் கையில் வைத்துப் பார்த்தால், ஏதோ கோபுரத்துக்கு மாதிரி செய்து வைத்ததுபோல இருக்கும். ஆச்சிமார் திரும்பிப் பேசும்போது அது கன்னத்தில் மோதி ஆடும்.

அந்தக் காதுக்கு வெட்கப்பட்டு, அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் நம் பக்கத்தில் உண்டு. அவரவர் காது, அவரவர் முடிவு. உங்கள் ஆச்சி 1978 வரை தைத்துக்கொள்ளவில்லை என்று படமே சொல்கிறது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை செய்துகொள்ளாத ஆபரேஷனை, ஒரு வார்த்தை கேட்காமல், நீங்கள் போனில் செய்திருக்கிறீர்கள்.

எனக்கும் ஓர் ஆச்சி இருந்தாள். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் அவள் மடியில் உட்கார்ந்து அந்தக் காதுத் துளைக்குள் என் நான்கு விரல்களையும் விட்டு ஆட்டுவேன். "அறுத்துராத ராசா" என்பாள், கையைத் தட்டிவிட மாட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் காதில் பாம்படம் இல்லை. தாத்தா கிணறு வெட்ட அடகு வைத்தது. நாற்பது அடிக்கு மேல் வெடி வைத்தார்கள். தண்ணீர் வரவில்லை.

சித்தப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போகும் முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயது. படம் எடுத்ததைவிட, பக்கத்து அறையில் டச்சிங் வேலை பார்த்த அண்ணாச்சிதான் எனக்கு ஞாபகம். ஜன்னலோரம் சாய்வான மேஜை. நடுவில் தேய்த்த கண்ணாடி. அதற்குக் கீழே வெயிலை மேலே அடிக்கிற மாதிரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சிலை உப்புத்தாளில் உரசி உரசி ஊசி மாதிரி ஆக்கிவைத்திருந்தார். நெகட்டிவின்மேல் ஏதோ எண்ணெய் மாதிரி ஒன்றைப் பஞ்சால் தடவிவிட்டு, அந்தப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். பெரிய லென்ஸ் வழியாக அவர் கண் ஒரு முட்டை அளவுக்குத் தெரிந்தது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த முகம் அதில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். பென்சில் ஏற ஏற அந்த இடம் அடர்ந்து, பிரின்டில் வெளுப்பாக வரும். கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு, வெயிலில் காய்ந்த கன்னம், எல்லாம் அப்படித்தான் மறைந்தது. சொல்லாமலே எல்லோருக்கும் ஒரு சுற்று வெளுப்பு ஏற்றிவிடுவார். அந்தப் படத்தில் என் அப்பா இருக்கிற நிறத்தில் எங்கள் தெருவில் ஒருத்தர்கூடக் கிடையாது. அதனால் பழைய படமெல்லாம் சத்தியம், செல்போன் எடிட் எல்லாம் பொய் என்று உங்கள் அண்ணன் நினைத்தால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் அப்பாவே பென்சில்தான்.

ஆனால் அந்த அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். நான்கு நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார். நானும் ஆச்சியும் போனோம். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "ஆச்சி, பின்னாடி வெள்ளத் திரைதான். காது தொங்குற எடத்துல பென்சில ஓட்டிட்டா திரையோட திரையா போயிரும். செஞ்சிரவா?" என்று கேட்டார்.

ஆச்சி அவரை ஏதோ கிறுக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வேண்டாம்யா. நாளைக்கே மீட்டுட்டு வந்தா எதுல மாட்ட?"

அவர் சிரிக்கவில்லை. சரி ஆச்சி என்று நெகட்டிவை உறைக்குள் போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தப் படத்தில் இரண்டு பக்கமும் காது வெறுமனே, நீளமாகத் தொங்குகிறது. இடது காதில் துளை வழியாகப் பின்னால் இருக்கும் திரை தெரியும். பாம்படத்தை மீட்கவே இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஆப் கேட்கவில்லை. அதற்குக் கேட்கத் தெரியாது. மங்கிப்போன முகத்தைச் சீராக்கு என்றால், தான் பார்த்துப் பழகிய முகங்களிலிருந்து ஒரு காதை எடுத்து வைக்கும். அவற்றில் குணுக்குப் போட்டு வளர்த்த காது எத்தனை இருந்திருக்கும்? உங்கள் ஆச்சியின் காதை அது கிழிந்த காகிதம் என்று நினைத்து ஒட்டியிருக்கிறது. மெஷின்மேல் எனக்கு வருத்தமில்லை. அதைப் பார்த்து "அழகாக" என்று எழுதியவர்மேல்தான் வருத்தம். கலரும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் சேலையின் நிறம் ஒளிந்திருப்பதில்லை. ஆப் குத்துமதிப்பாக ஒன்றைப் பூசுகிறது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன கலர் என்று கேட்டிருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். பிறந்தநாளுக்கு அதுவே போதுமான பரிசாக இருந்திருக்கும்.

கார்ட்டூன் போட்டீர்களே, அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. 2025 மார்ச்சில் ஊரே ஜப்பான் கார்ட்டூனாக மாறியபோது என் பேத்தி என்னையும் மாற்றினாள். மீசை நன்றாக இருந்தது. பென்சில் ஓவியம், மொசைக், ஒருவர்மேல் ஒருவர் மங்கித் தெரிகிற டபுள் எக்ஸ்போஷர், படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி இடம் மாற்றி ஒட்டுவது, எல்லாம் செய்து பாருங்கள். பார்த்ததும் விளையாட்டு என்று தெரிகிற எதுவும் ஆச்சியை ஒன்றும் செய்யாது. கார்ட்டூன் ஆச்சியைப் பார்த்து "இதுதான் ஆச்சி" என்று யாரும் நம்பப்போவதில்லை. ஃபிரேமில் இருக்கிறதே, அதை நம்புவார்கள். உங்கள் பேரன், ஆச்சி கம்மல் போட்டிருந்தாள் என்று அவன் பிள்ளைக்குச் சொல்வான். அண்ணன் "விளையாடுதியோ" என்றார். நீங்கள் விளையாடியதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. திருத்தப் போனீர்கள்.

கண் சிமிட்டும் வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் ஆச்சி கண் சிமிட்டினால் நானும் பார்ப்பேன். தனியாக உட்கார்ந்து.

அப்புறம் அண்ணன். இத்தனையும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படத்தில் ஆச்சியின் காது வெறுமனே இருந்திருக்கிறது என்றுதான் புரிந்துகொள்கிறேன். பாம்படம் இருந்திருந்தால் நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டீர்கள். அப்படியானால் 1978இல் அது எங்கே போயிருந்தது? அதே வருடம்தான் அண்ணன் பெல்ஸ் பேன்ட் தைத்துக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். நீங்கள் ஏழு வயது. உங்களுக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரியும்.

என் யூகம் தப்பாகவும் இருக்கலாம். எதற்கும் அந்த ஒரிஜினல் படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் வருடம் ஃபீஸ் யார் கட்டியது என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள்.