அளந்து எழுதினாயா, எழுதிவிட்டு அளந்தாயா?

கேள்வி இதுதான்: வேலைக்குச் சேர்ந்து 2 வருஷம் ஆகிவிட்டது, எந்தப் பழக்கத்தைத் தொடங்கினாலும் நாலு நாளில் விட்டுப்போகிறது, எல்லாரும் ஒழுங்காக இரு, பாசிட்டிவாக இரு, தானாக மேலே வருவாய் என்கிறார்கள், அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

நான் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் இல்லை. ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு முடித்துவிட்டு கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. ஆப்பரேட்டராக, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற லேத் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவனாகச் சேர்ந்தேன், இப்போது வேறொரு இடத்தில் ஒரு ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், ஏனென்றால் இதே கேள்வியோடு நானும் இரண்டு வருஷம் திரிந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட். 25 மி.மீ. விட்டத்தில் ஷாஃப்ட், அதாவது உருண்டையான இரும்புத் தண்டு, கடைகிற வேலை ஓடிக்கொண்டிருந்தது. டிராயிங்கில் எச்7 என்று போட்டிருந்தால், 25-க்கு மேலே துளி கூடப் போகக்கூடாது, கீழே 21 மைக்ரான் வரைக்கும் போகலாம் என்று அர்த்தம். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனில் பாதி கூட வராது அது. டூலில் இருக்கிற இன்செர்ட், அதாவது இரும்பை வெட்டுகிற சின்ன முனை, தேயத் தேய பீசின் விட்டம் கூடிக்கொண்டே வரும், அதனால் நடுநடுவே ஆஃப்செட்டில், அதாவது மிஷினில் அடித்துக் கொடுக்கிற அளவுத் திருத்தத்தில், கொஞ்சம் கழித்துக் கொடுக்க வேண்டும், பத்துப் பீசுக்கு ஒன்றை மைக்ரோமீட்டரில் அளந்து ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். இரவு இரண்டரை மணி இருக்கும், 0.01 கழிக்க வேண்டிய இடத்தில் 0.10 என்று அடித்துவிட்டேன். அடுத்த பீசை அளந்திருந்தால் அந்த ஒன்றோடு போயிருக்கும். நான் அளக்கவில்லை. கண் சொக்கிக்கொண்டு வந்தது. விடியும் வரைக்குமான கட்டங்களை 24.99, 24.99 என்று முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு, பீசை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன்.

காலை 6 மணிக்கு ஃபோர்மேன் அண்ணன் வந்தார். பீஸ் பக்கமே போகவில்லை, முதலில் ரிப்போர்ட்டைத்தான் எடுத்துப் பார்த்தார். அப்புறம் மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளை வைத்து லேசாகப் பிடித்து இழுத்துத் துடைத்தார், ஜீரோ பார்த்தார், ஒரு பீசை எடுத்து அளந்து மேசையில் நிற்க வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. மூன்றும் 24.89-ஐ ஒட்டியே இருந்தன. என் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, அளந்து எழுதுனயா, எழுதிட்டு அளந்தயா?" என்றார்.

"அளக்கலீங்ணா."

"மிசின்ல அளவு ஒரே மாதிரி நிக்காது கண்ணு. நாலு கட்டத்துலயும் ஒரே நெம்பர் இருந்தா அது அளந்த நெம்பர் இல்ல."

மொத்தம் 38 பீஸ். அளவு கூடியிருந்தால் இன்னொரு தடவை ஓட்டிச் சரிசெய்துவிடலாம், குறைந்துபோனால் ஸ்கிராப்தான், போன இரும்பு திரும்ப வராது. அந்த 38-ஐயும் நானே தூக்கிப்போய் ஸ்கிராப் தொட்டியில் போட்டேன். அண்ணன் கத்தவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: நாளையிலிருந்து ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் அளந்த மணியையும் எழுது. அவ்வளவு சின்ன விஷயம். ஆனால் 3.10 என்று மணியை எழுத வேண்டுமென்றால் 3.10-க்கு நான் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்திருக்க வேண்டும். பொய் எழுதுவது அதிலிருந்து எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

இதிலிருந்துதான் என் வாழ்க்கையில் ஒழுக்கம் என்று எதையாவது சொல்ல முடிந்தால் அது தொடங்கியது. நாலு மணிக்கு எழுந்திருப்பதும் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதும் நல்லதுதான், செய்பவர்கள் செய்யட்டும். என் அனுபவத்தில் முதலில் வர வேண்டியது, நடந்ததை நடந்தபடி எழுதுகிற பழக்கம். அது இல்லாமல் மற்ற எந்தப் பழக்கமும் எனக்கு நாலு நாளைத் தாண்டவில்லை, ஏனென்றால் எங்கே விட்டுப்போகிறது என்பதே எனக்குத் தெரியாது, நானே அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ரூமில் உட்கார்ந்து, டொயோட்டாக்காரர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த 'ஐந்து ஏன்' முறையை என்மேலேயே போட்டுப் பார்த்தேன். பட்டறையில் ஒவ்வொரு ரிஜெக்‌ஷனுக்கும் அதை எழுதச் சொல்வார்கள், எல்லாரும் கடமைக்கு எழுதுவோம். ஏன் அளக்கவில்லை? தூக்கம். ஏன் தூக்கம்? பகலில் தூங்கவில்லை. ஏன்? 11 மணிக்குமேல் ரூமில் படுக்க முடியாது. ஏன்? மேலே தகர ஷீட். சரி, வீட்டுக்கு வந்தது காலை 7 மணி, 11 வரைக்கும் என்ன செய்தேன்? மொபைல். அத்தனை நாளாக நான் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இருந்தேன். தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு வேண்டியது வெயில் ஏறுவதற்கு முன்னால் மூன்று நாலு மணி நேரத் தூக்கம் என்று. வந்ததும் சாப்பிட்டுவிட்டு, மொபைலை ரூம்மேட் கையில் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் படுக்க ஆரம்பித்தேன். மதியம் வெயில் தணிந்ததும் இன்னொரு இரண்டு மணி நேரம். நைட் ஷிஃப்டில் கண் சொக்குவது முக்கால்வாசி நின்றுவிட்டது.

தன்னையே திட்டிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது அன்றைக்குத்தான். நீங்களும் உங்கள் 'நாலு நாள்' கதையை இப்படி எழுதிப் பாருங்கள். ஐந்தாவது நாள் காலையில் உண்மையில் என்ன நடந்தது? முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், யார் வந்தார்கள், எங்கே இருந்தீர்கள்? குணத்தில் காரணம் தேடாதீர்கள், அன்றைய நாளில் தேடுங்கள்.

அடுத்தது, ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிட வேண்டும். நான் எடுத்தது ஷிஃப்டுக்கு 15 நிமிஷம் முன்னால் போவது. போய், கிளம்புகிற ஆப்பரேட்டரிடம் மிஷின் எப்படி ஓடியது, இன்செர்ட் எப்போது மாற்றியது, எந்த அளவு தள்ளுகிறது என்று மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதுவது. சில நாள் பஸ் லேட்டாகி அது நடக்காது. அன்றைக்குத் தேதியைப் போட்டுக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவேன், பிறகு கேட்டு நிரப்ப மாட்டேன். மறுநாள் அடுத்த கட்டம். இப்படி இடையிடையே ஓட்டை விழுந்த நோட்டுதான் என்னிடம் இருக்கிறது, ஆனால் அது ஒன்பது வருஷத்து நோட்டு.

பட்டறைக்குப் பட்டறை சுவரில் 5எஸ் சார்ட் தொங்கும், பார்த்திருப்பீர்கள். வேண்டாததை ஒதுக்கு, இருப்பதை அதனதன் இடத்தில் வை, துடை, இதையே முறையாக்கு. இந்த நாலும் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவது ஷித்சுகே, நாம் ஒழுக்கம் என்று எழுதி வைக்கிறோம். ஜப்பானில் அந்தச் சொல்லைப் பிள்ளைகளை நல்ல பழக்கத்தோடு வளர்ப்பதற்கும் சொல்வார்களாம், தையலில் நிஜத் தையல் போடும் முன்னால் துணி நகராமல் இருக்கக் கை ஊசியால் தளர்வாக ஓட்டி வைப்பதற்கும் அதே சொல்தான். எனக்கு அந்தத் தையல் அர்த்தம் ரொம்பப் பிடிக்கும். நேர்த்தியாக இருக்க வேண்டியதில்லை, நிஜ வேலை நடக்கும் வரைக்கும் துணியைப் பிடித்து வைத்தால் போதும்.

சரி, பாசிட்டிவ் மனப்பான்மைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் அது தனியாக உட்கார்ந்து வளர்க்கிற பயிர் கிடையாது. அளந்து எழுத ஆரம்பித்த மூன்று நாலு மாதத்தில் என் அளவுகளை நானே நம்ப ஆரம்பித்தேன், அதோடு பயம் குறைந்தது. பயம் குறைந்ததும் செட்டரிடம், அதாவது புது வேலைக்கு மிஷினைத் தயார்செய்து கொடுப்பவரிடம், போய் நிற்கத் தைரியம் வந்தது. எங்கள் தொழிலில் ஹெல்பர், ஆப்பரேட்டர், செட்டர், புரோகிராமர் என்றுதான் ஏணி. ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம் செட்டர் அண்ணன் பக்கத்தில் நின்று, அவர் ஜாப் செட் பண்ணுவதைப் பார்த்து, முதலில் மொத்தமாகக் கடைகிற ஜி71 கட்டளை எப்படி ஓடுகிறது, கடைசியாக நேர்த்தியாக்குகிற ஜி70 எங்கே வருகிறது என்று புரோகிராமை வரி வரியாக நோட்டில் எழுதிக்கொள்வேன். புரியாததைக் கேட்பேன். முதலில் சலித்துக்கொண்டவர், தினமும் நிற்கிறான் என்று தெரிந்ததும் அவராகவே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் செட்டரானேன்.

திட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷினிலிருந்து எடுத்த கையோடு பீசை அளக்கக்கூடாது என்பார்கள். 25 மி.மீ. இரும்பு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும், இருக்கிற 21 மைக்ரானில் அது ரொம்ப அதிகம். சூப்பர்வைசர் திட்டினால் நானும் அப்படித்தான், உடனே பதில் பேசாமல் டீ குடித்துவிட்டு வந்து, அவர் சொன்னதில் எவ்வளவு நிஜம் என்று பார்ப்பேன். பாதி நிஜமாக இருக்கும். அந்தப் பாதியை எடுத்துக்கொள்வேன்.

ஆனால் பாசிட்டிவாக இருப்பது என்றால் எதையும் கேட்காமல் இருப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விஷயம். ஒரு பட்டறையில் எனக்கு அது வரவில்லை. டீக்கடையில் நின்று புலம்புவதை விட்டுவிட்டு, நோட்டில் இருந்த நேரக் கணக்கை மாதவாரியாகக் கூட்டி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் வரவில்லை, பாதிக்குமேல் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் அந்த இடத்தை விட்டேன், நல்லபடியாகச் சொல்லிவிட்டுத்தான் விட்டேன்.

போன மாதம் எங்கள் ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ராத்திரி 1 மணிக்கு என்னிடம் வந்தான். கையில் மூன்று பீஸ். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, மூணு போச்சுங்க. மிசினை நிறுத்திட்டேனுங்க." ரிப்போர்ட்டைப் பார்த்தேன், மூன்றாவது கட்டத்தில் 24.96 என்று எழுதி 12.50 என்று மணியும் போட்டிருந்தான். அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் இரண்டு பேரும் மிஷினிடம் போனோம்.