1895-ஆம் வருட கவுனா? வளையத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

கேள்வி: கல்லூரி விழாவுக்காக, 1895-இல் லண்டனில் நடக்கும் ஓர் ஆங்கில நாடகம் போடுகிறோம். ‘விக்டோரியா காலத்து உடை’ என்று சொன்னதும், தையல்காரர் வளையம் வைத்துக் குடை போல விரியும் பாவாடை மூன்று தைத்துவிட்டார். அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: வளையத்தை உருவிவிடுங்கள். துணி வீணாகாது, அது நமக்கு வேண்டும்.

விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டவர். அத்தனை வருடமும் ஒரே மாதிரியா உடுத்தியிருப்பார்கள்? எஃகு வளையம் 1856 வாக்கில் வந்து, 1860-களின் கடைசியிலேயே மறைந்துவிட்டது. உங்கள் கதாநாயகியின் அம்மா கல்யாணப் பெண்ணாக இருந்தபோது போட்டது அது. பிறகு கனம் முழுக்கப் பின்பக்கம் போனது: இடுப்புக்குப் பின்னால் ‘பஸ்ல்’ என்ற திண்டு. 1876-ஐ ஒட்டி அது குறைந்து, தொடை வரை ஒட்டிப்பிடிக்கும் ஒடுக்கமான கவுன் வந்தது. 1883 வாக்கில் பஸ்ல் திரும்ப வந்தபோது பலகை போல நீட்டிக்கொண்டு நின்றது. 1890-க்குள் அதுவும் போய்விட்டது.

1895 என்றால் உடையின் கைதான் அடையாளம். ஆட்டுத்தொடைக் கை என்றே அதற்குப் பெயர். தோளில் பலூனாக உப்பி, முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை பிடிப்பாக இருக்கும். 1897-இல் பார்த்தால் தோளில் சின்ன உப்பல்தான் மிச்சம். அவ்வளவு குறுகிய கால மோஸ்தர். தையல்காரருக்கு பஃப் கை தெரிந்திருக்கும். அதைப் பல மடங்கு பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். தோள்பட்டைத் தையலில் நெருக்கமாகப் பிளீட் பிடித்து, உள்ளே விறைப்பான கேன்கேன் வலைத்துணி வைத்தால் மேடை விளக்கில் தொய்யாது.

பாவாடை முன்னாலும் இடுப்புப் பக்கமும் சுருக்கமே இல்லாமல் வழவழவென்று படிய வேண்டும். கலி (மேலே குறுகி, கீழே அகலும் துண்டு) வைத்து வெட்டி, விளிம்பு மட்டும் விரியட்டும். மிச்சச் சுருக்கத்தைப் பின்னால் தள்ளுங்கள். இப்போதுள்ள பாவாடையின் முன்பக்கத்தைக் குறைத்தால் மிஞ்சும் துணியைக் கைகளுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பகல் காட்சிக்குக் கழுத்தை மூடும் நிமிர்ந்த காலர், மாலை விருந்துக்கு இறக்கமான கழுத்தும் நீளக் கையுறையும். ஜிப் கூடாது, கொக்கி வையுங்கள்.

எல்லாரையும் கறுப்பில் நிறுத்திவிடாதீர்கள். 1861-இல் கணவர் இறந்தபின் கறுப்பிலேயே வாழ்ந்தவர் ராணி. செயற்கைச் சாயங்கள் வந்துவிட்ட காலம் அது, பளிச்சென்ற ஊதாவும் பச்சையும் தாராளமாகப் பொருந்தும்.

ஒன்றை அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்: மாணவிகளுக்குக் கார்செட் (இடுப்பை ஒடுக்கும் விறைப்பான உள்ளுடை) இறுக்கிக் கட்டாதீர்கள். வசனம் பேச மூச்சு வேண்டும். உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கேட்டு, 1881-இல் லண்டனில் பெண்களே சங்கம் அமைத்தார்கள், அவ்வளவு சுமந்திருக்கிறார்கள். மேலே அகன்ற கை, கீழே விரிந்த விளிம்பு இரண்டும் சரியாக அமைந்தால், நடுவில் இடுப்பு தானாகவே சிறுத்துத் தெரியும். ஒரு கையை மட்டும் முதலில் தைத்து, மாணவிக்குப் போட்டு, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். மற்றதை அதன் பிறகு வெட்டலாம்.