கேள்வி – பதில்: தேதி ஒன்று, ஆண்டு வேறு

கேள்வி: பள்ளிப் பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுகிறோம். தனுஷ்கோடி புயலுக்கு ஒரு புத்தகம் டிசம்பர் 22 என்கிறது, இன்னொன்று 23 என்கிறது. எதை எழுதுவது?
– ஆசிரியை, மண்டபம்

பதில்: இரண்டுமே தவறில்லை. அது 1964 டிசம்பர் 22 இரவும் 23 விடியலும் சேர்கிற நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் 22-ஆம் தேதி இரவு 11.55-க்குக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை வாரிக்கொண்டது. அதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. கிளம்பிய நாளை எழுதுகிறவர் 22 போடுகிறார், மூழ்கிய நாளை எழுதுகிறவர் 23 போடுகிறார். அந்த ரயில் பாம்பனை விட்டு ஐந்து நிமிடத்தில் தேதி மாறியதுதான் குழப்பத்தின் முதல் காரணம்.

இன்னும் இரண்டு உண்டு. வானிலைக் குறிப்புகளைக் கிரீன்விச் நேரத்தில் எழுதுவது வழக்கம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே 23-ஆம் தேதி நள்ளிரவு 12.30 என்றால் அங்கே 22 இரவு 7 மணிதான். நம் நேரம் காலை 5.30-க்கு முன்பு நடந்த எதற்கும் இந்தச் சிக்கல் வரும். அடுத்து, பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். நள்ளிரவுக்குப் பின் நடந்ததையும் 'செவ்வாய்க்கிழமை ராத்திரி' என்று சொல்வது அந்தக் கணக்கில்தான். கடிகாரப்படி அது புதன்.

பலகையில் 'டிசம்பர் 22 – 23 நள்ளிரவு' என்றே எழுதுங்கள். ரயிலில் இருந்தவர்கள் இத்தனை பேர் என்று மட்டும் அறுதியிட்டு எழுதாதீர்கள். அந்த எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஒரு குடும்பத்தின் துக்கத்தைத் தோராயமாகச் சொல்லக் கூடாது.

கேள்வி: விவேகானந்தர் குந்துகாலில் இறங்கியதும் ஜனவரி 26, குடியரசு நாளும் ஜனவரி 26. தொடர்பு உண்டா?
– வாசகர், பாம்பன்

பதில்: இல்லை. 1897-இல் அவர் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாள் தற்செயலாக அமைந்தது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்தார்கள், மன்னரும் கைகொடுத்தார்.

1950-இன் ஜனவரி 26 அப்படியல்ல, தேர்ந்தெடுத்த நாள். லாகூர் காங்கிரஸ் முடிவுப்படி 1930 ஜனவரி 26-இல் நாடு முழுக்கப் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடினார்கள். அரசியலமைப்பை 1949 நவம்பர் 26-லேயே ஏற்றுக்கொண்டும், 1930-இன் அந்த நாளின் நினைவுக்காகவே பெரும்பகுதியை இரண்டு மாதம் தள்ளி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரே தேதியில் இரண்டு நிகழ்ச்சி கிடைத்தால் 'நாள் பார்த்து வைத்ததா, தானாக வந்ததா' என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கலாம் மறைந்தது 2015 ஜூலை 27, பேய்க்கரும்பில் நினைவிடம் திறந்தது 2017 ஜூலை 27. இது நாள் பார்த்து வைத்தது. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல், காந்தி பிறந்த நாளில், திறக்கப்பட்டது. காமராஜர் 1975-இல் அதே அக்டோபர் 2-இல் மறைந்தது யாரும் குறித்து வைத்ததல்ல. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கலாம், சாவுக்குக் குறிக்க முடியாது. பட்டியலைச் சரிபார்க்க இது ஒரு நல்ல அளவுகோல்.

கேள்வி: ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவை எந்தத் தேதியில் எழுதலாம்?
– வாசகி, கீழக்கரை

பதில்: ஆங்கிலத் தேதியில் நிற்காது. அது ஹிஜ்ரி ஆண்டின் துல்கஃதா மாதத்தில் வருவது. அந்த ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கூட்டம் கூடும் ஆடி அமாவாசையும் நகரும், ஆனால் ஆடி மாதத்தைத் தாண்டாது, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வந்துவிடும். இரண்டையும் அந்தந்த ஆண்டு பிறை, பஞ்சாங்கம் பார்த்துத் தனித்தாளில் எழுதி ஒட்டுங்கள்.