தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்கிறேன். படகில் கழிப்பறை கிடையாது. கடலில் இறங்கிய சிறிது நேரத்திலேயே முட்டிக்கொண்டு வருகிறது. உடம்போடு ஒட்டிய டைவிங் உடையான வெட்சூட்டுக்குள்ளேயே போக மனம் கூசுகிறது. அதனால் டைவிங் நாளில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தோழி, பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். புனலும் ரப்பர் குழாயும் வைத்து நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கையே, அந்தத் தண்ணீர் விரதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த ஒரு வரிதான். ஆழத்தில் இருக்கும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. நீர் வற்றிய உடம்பில் அது வெளியேறுவது தடைப்பட்டு, மேலே வரும்போது குமிழ்களாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும் ஆபத்து கூடுகிறது.

குடிக்காமல் இருந்தாலும் சிறுநீர் வரத்தான் செய்யும். நிற்கும்போது கால்களில் தங்கும் ரத்தம், நீருக்குள் இறங்கியதும் மார்புப் பக்கம் நகர்கிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் வேகமாக வெளியேற்றத் தொடங்குகிறது. குளிர்ந்த நீர் என்றால் இன்னும் அதிகம். எல்லா டைவர்களுக்கும் நடப்பதுதான் இது; உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை.

டயப்பர் வேண்டாம். வெட்சூட்டுக்குள் கடல்நீர் எப்போதும் இருக்கும். டயப்பரில் உள்ள உறிஞ்சும் பொடி முதலில் அதைக் குடித்து ஊதிவிடும். பிறகு சிறுநீருக்கு இடம் ஏது? தொடையிடுக்கில் உரசிப் புண்ணாகும். கழற்றும்போது பிய்ந்து கூழாக வழியும். உள்ளே நீர் புகாத ட்ரைசூட் அணிபவர்களுக்குத்தான் அது உதவும். குழாயும் வேண்டாம். அதை வெளியே விட சூட்டில் ஓட்டை போட்டால் அந்த வழியே குளிர்நீர் புகும். குழாய் மடங்கினால் சிறுநீர் திரும்பி வரும். சரியாகக் கழுவாத குழாயில் கிருமி வளரும்.

கூச்சத்தை விட்டு, சூட்டுக்குள்ளேயே போய்விடுங்கள். பெரும்பாலான டைவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் வெளுத்திருக்கும், நாற்றமும் குறைவு. படகேறுமுன், நீர்மட்டத்துக்கு வந்து மிதக்கும்போது, கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் இழுத்துப் பிடியுங்கள். கடல்நீர் சில்லென்று முதுகு வழியே இறங்கும். மணிக்கட்டையும் கணுக்காலையும் அதேபோல் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது வெளியேறும். இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளியுங்கள். ஈரச் சூட்டோடு நெடுநேரம் உட்கார்ந்தால் தோல் சிவந்து அரிக்கும். சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மிதமான ஷாம்பு கலந்த நீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரும் வெயிலும் சூட்டின் நியோப்ரீன் ரப்பரைக் கெடுத்துவிடும். வாடகைச் சூட் என்றால், திருப்பித் தரும்போது அங்கிருப்பவரிடம் "உள்ளே நன்றாக அலச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். தினமும் கேட்கிற சொல்தான்.