பட்டறைப் பக்கம்: அப்பாவின் டாடா மொபைல்

டிங்கர் வேலை, வெல்டிங், பெயின்ட் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்த டிங்கர் மாஸ்டர்.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். அப்பா 1993-ல் வாங்கிய டாடா மொபைல் பிக்கப் எங்களிடம் இருக்கிறது. தோப்புத் தேங்காய், மட்டை, நார்க்கழிவு எல்லாம் அதில்தான் போனது. அப்பா தவறிய பிறகு எட்டு வருடம் கொட்டகையில் நின்றுவிட்டது. இன்ஜினை மெக்கானிக் சரிசெய்து கொடுத்துவிட்டார். பின்னால் இருக்கும் லோடு பாடியை வீட்டிலேயே நானே செய்யலாம் என்று ஒரு சிஓடூ வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறேன், ஓரளவு பழகியும் விட்டேன். தளத்தில் கையகல ஓட்டை இரண்டு. மேலே செக்கர் பிளேட் (மேடு வரி போட்ட தகடு) போட்டு மூடிவிடு, வேலை முடிந்தது என்கிறார்கள். போடலாமா? 
— 29 வயது வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம் தம்பி. போட்ட அன்று பளபளவென்று இருக்கும். பழைய தளத்துக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது காய வழியே கிடையாது. அலுமினியச் செக்கர் பிளேட் என்றால் இன்னும் தொல்லை. ஈரத்தில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரிக்கும், அந்த மாவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் போனால் கையகல ஓட்டை முறம் அகலம் ஆகியிருக்கும். மேலே பிளேட் இருப்பதால் உங்களுக்கு அது தெரியவும் தெரியாது.

டாடா மொபைல் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லாரியும் பஸ்ஸும் செய்துகொண்டிருந்த டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1988-ல் கொண்டுவந்த பிக்கப் அது. பின்னால் வந்த சியராவும் எஸ்டேட்டும் அதன் வழியில் பிறந்த வண்டிகள்தான். இன்று ரோட்டில் பார்ப்பதே அபூர்வம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். ஓட்டையை மேலிருந்து பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தளத்தைத் தாங்க அடியில் குறுக்கே கிராஸ் மெம்பர்கள் போகும். அவற்றின் மேல் முகமும் தளத்தின் அடி முகமும் ஒட்டிச் சேர்கிற இடத்தில் பெயின்ட் சரியாக எட்டியிருக்காது. துரு அங்கேதான் தொடங்கும். மேலே நீங்கள் பார்ப்பது அது தின்று முடித்த இடம்.

உங்கள் வண்டியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நார்க்கழிவு. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், நர்சரிக்காரர்கள் அதை வாங்குவதே அதற்காகத்தான். லோடு ஏற்றி இறக்கும்போது ஓட்டை வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் உதிர்ந்து, கிராஸ் மெம்பருக்குள் போய் இறுகிவிடும். ஒருமுறை ஆனைமலைப் பக்கத்துப் பிக்கப் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. சித்திரை மாதம், மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். கிராஸ் மெம்பர் முனையில் ஸ்குரூ டிரைவரை விட்டுக் கிளறினேன். வடிகட்டிய காபித்தூள் மாதிரி கறுப்பாக வந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் ஈரம். கூடவே தகடும் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. வெளியில் இருந்து பார்த்தால் அந்த கிராஸ் மெம்பருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, பெயின்ட்கூட இருந்தது.

எனவே எல்லா முனைகளையும் கிளறி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று சொல்லும், செத்த தகடு ‘பொத்’ என்று சொல்லும். பொத் என்கிற இடத்தை எல்லாம் சாக்பீஸால் சுற்றி வளையுங்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறதே என்று கலங்க வேண்டாம், வேலையின் அளவு அதுதான். சைடு பலகைகளுக்கு, காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் யாரோ முன்பு பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

லோடு பாடி சேசிஸ் மேல் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிடுங்கள். போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், வராததை கிரைண்டரில் வெட்டிவிட்டுப் புது போல்ட் போடலாம். ஆனால் தூக்குவதற்கு முன், இரண்டு சைடு பலகைகளுக்கும் நடுவே குறுக்காக இரண்டு பைப் வைத்து டாக் (புள்ளி போலச் சின்ன வெல்டிங்) அடித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுத் தளத்தை வெட்டினால் பக்கங்கள் விரிந்துவிடும், அப்புறம் பின்கதவு கொண்டியில் மாட்டாது. எட்டுப் பேர் பிடித்தால் இறக்கிவிடலாம். மட்டம் பார்த்து அடுக்கிய செங்கல் மேல் வையுங்கள்.

கழற்றச் சொல்வதற்குப் பெரிய காரணம் டீசல் டேங்கும் வயரிங்கும் பிரேக் பைப்பும். பாடி வண்டியில் இருக்கும்போது வெல்டிங் பொறி எங்கே போய் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. டேங்க் காலிதானே என்றும் நினைக்கக் கூடாது, உள்ளே தங்கும் ஆவிதான் ஆபத்து. கொட்டகை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓலைக் கொட்டகை என்றால் கிரைண்டரைக்கூட அதற்குள் போடாதீர்கள். வெட்டவெளியில், காய்ந்த மட்டையும் நாரும் இல்லாத இடத்தில், இரண்டு வாளித் தண்ணீரும் கொஞ்சம் மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். பொறி நாருக்குள் புகுந்து, நாம் சாப்பிடப் போன பிறகு புகைய ஆரம்பிக்கும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெட்டும்போது சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு அங்குலம் வெளியே, நல்ல தகட்டில் வெட்டுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக எடுங்கள். கிராஸ் மெம்பர் போயிருந்தால் அதையும் வெட்டியெடுத்துப் புதிதாக மடித்துப் போட வேண்டும், அதற்கு மேல் ஒட்டுப் போடும் வேலை வேண்டாம். வெட்டிய நல்ல துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்த் தகடு கடையில் கேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6. எது இருந்ததோ அதையே சி.ஆர். (சூடேற்றாமல் உருட்டிய) தகட்டில் வாங்குங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று 14 கேஜ் போடுகிறவர்கள் உண்டு. வெல்டிங் செய்யும்போது புதுத் தகடு சூடேறுவதற்குள் பழைய மெல்லிய தகடு எரிந்து ஓட்டையாகிவிடும். தளத்தில் நெளிவு நெளிவாக மேடுபள்ளம் இருக்கிறதே, அது அழகுக்கு வைத்தது கிடையாது. அதுதான் தகட்டுக்கு விறைப்பு தருகிறது. பெண்டிங் மெஷின் இருக்கிற பட்டறையில் அளவு கொடுத்து அதே நெளிவை மடித்து வாங்குங்கள்.

துண்டை மேலே ஏற்றி ஒட்டாதீர்கள். ஏற்றி ஒட்டினால் மறுபடி ஒரு இடுக்கு, மறுபடி துரு. விளிம்போடு விளிம்பு வைத்து, நடுவே ஒரு ஹாக்சா பிளேடு நுழைகிற இடைவெளி விடுங்கள். 0.8 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பி போதும். ஒரு முனையில் ஒரு டாக், அடுத்தது எதிர் முனையில், அப்புறம் நடுவில். இப்படி ஒரு அங்குலத்துக்கு ஒரு டாக் வரும்வரை மாற்றி மாற்றி வையுங்கள். கை வைத்தால் பொறுக்கிற சூடுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்து டாக். ஒரே இழுப்பில் இழுத்தால் தகடு உப்பி, ஏறி மிதித்தால் டப்பு டப்பென்று அடிக்கும். அதை மறுபடி இறக்குவது புதிதாகப் பழகுகிறவருக்கு ஆகிற வேலை இல்லை.

கிராஸ் மெம்பரும் தளமும் சேரும் முகங்களுக்கு, மூடுவதற்கு முன்பே சிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். முடிந்ததும் இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர், அடியிலும் மேலும். பிரஷ்ஷிலேயே அடிக்கலாம். வெறும் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், அதன் வழியாக ஈரம் இறங்கும். இணைப்புகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் பூசுங்கள். கிராஸ் மெம்பர் முனைகளை மட்டும் அடைக்கவே வேண்டாம். அந்த வழியாகத்தான் இனி நார்த்தூளைக் கழுவி எடுக்கப் போகிறீர்கள்.

கேள்வி: என் பிக்கப்பின் சைடில் இருந்த ஒடுக்குகளை எடுத்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு வழவழவென்று தேய்த்து, வீட்டிலேயே பெயின்டும் அடித்தேன். மூன்று மாதத்தில் பட்டி வைத்த இடத்தில் மட்டும் கொப்புளம். பெயின்ட் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? 
— வாசகர், தேனி

பதில்: பெயின்டைச் சந்தேகப்படுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். ஹார்டனர் கலந்து வைக்கிற பாலியஸ்டர் பட்டியில் டால்க் மாதிரிப் பொடி நிறைய இருக்கும், அது ஈரத்தை உறிஞ்சும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கும்போது உறிஞ்சிய தண்ணீர் வெளியே காய்ந்தாலும் உள்ளே தங்கிவிடும். மேலே பெயின்ட் மூடியதும் வெயிலில் அது ஆவியாகிப் பெயின்டைத் தூக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பது நெடுநாள் பழக்கம். நானும் பத்து வருடம் அப்படித்தான் செய்தேன். பள்ளிக்கூட வேன் ஒன்றை முடித்துக் கொடுத்து, ஐப்பசி மழை கழிந்து அது திரும்பி வந்தபோது கதவு முழுக்க அரிசி அரிசியாகக் கொப்புளம். சம்பளம் வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து பட்டிக்குத் தண்ணீர் காட்டியதில்லை.

கொப்புளம் வந்த பட்டியைத் தகடு தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். தகட்டுக்கு எபாக்ஸி பிரைமர் அடித்துக் காயவிட்டு, 80-ம் நம்பர் பேப்பரால் லேசாகக் கீறி, அதன் மேல் பட்டி. ஒடுக்கைச் சுத்தியலும் டாலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து முடிந்தவரை எடுத்துவிட்டால் பட்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படாது. ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு. சித்திரை வெயிலில் அந்த அளவிலேயே கை எடுப்பதற்குள் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் ஊற்றினால், பின்னால் பெயின்ட் மேல் சிவப்புக் கறையாக வெளியே வரும். பேப்பரைக் கையில் பிடிக்காமல் நீளமான மரக்கட்டையில் சுற்றி 80, 180, 320 என்று உலர்வாகத் தேயுங்கள். மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். பிரைமர் மூடிய பிறகு வாட்டர் பேப்பர் போடலாம், அப்போது தப்பில்லை.

கேள்வி: அண்ணா, என் கணவர் மீன் லோடு ஏற்றும் பிக்கப்பை வீட்டு முன்பக்கத்திலேயே வைத்துப் புதுப்பிக்கிறார். வெல்டிங் முடிந்துவிட்டது. இந்த வாரம் இரண்டு டப்பா கலக்குகிற பி.யு. (பாலியூரிதேன்) பெயின்டை ஸ்ப்ரே பண்ணப் போகிறார். ஆறு வயது மகனுக்கு வீசிங் உண்டு. ஜன்னலைச் சாத்தினால் போதும் என்கிறார். போதுமா? 
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: போதாதும்மா. தயவுசெய்து அவரை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள்.

அந்த இரண்டாவது டப்பாவில் ஹார்டனராக இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத துளியாகக் காற்றில் மிதக்கும். துணியோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. பெரிய பெயின்ட் அறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி போட்டுத்தான் அடிப்பார்கள். ஒருவருக்கு ஒருமுறை அது ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சுத் திணறல் வரும். பெரியவர்களுக்கே ஆஸ்துமா வரவைக்கிற பொருள் அது, ஏற்கெனவே வீசிங் இருக்கிற பிள்ளை பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

லோடு பாடியின் உட்பக்கத்துக்கு பி.யு. பளபளப்பு தேவையே இல்லை. மீன் பெட்டி இழுத்து இழுத்து ஒரு மாதத்தில் கீறிவிடும். எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சாதாரண எனாமல், பிரஷ்ஷில் மெல்லியதாக இரண்டு கை. அதற்கும் வாடை இருக்கும், எனவே காயும்வரை பையனைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கம் பி.யு.தான் வேண்டும் என்றால் அந்த ஒரு வேலையைப் பெயின்ட் அறை வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. மீன் தண்ணீரின் உப்பு துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பிரைமருக்கு முன் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, அன்றைய வெயிலிலேயே காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். கடலோரக் காற்றில் ஒரு இரவு விட்டால் விடிகாலை தகடு மஞ்சள் பூத்திருக்கும். கழுவுவது உப்புத் தண்ணீர் போர்வெல் நீரில் என்றால் அந்தக் கழுவலால் பயனில்லை, குடிதண்ணீர் இரண்டு குடம் பிடித்து வையுங்கள்.

கேள்வி: பழைய பிக்கப்பை முழுசாகச் செய்துவிட்டேன். வெள்ளைக்குப் பதில் மிலிட்டரி பச்சை அடிக்க ஆசை. அடிக்கலாமா? 
— வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தப் பச்சை மட்டும் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். வேறு நிறம் என்றால், பெயின்ட் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போது நிறுத்திவைப்பார்கள். உங்கள் ஊரில் ஆடிக் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும், அது ஓய்ந்த பிறகு அடியுங்கள்.