சாவி போடாமல் ஸ்டார்ட் ஆகும் காருக்கு, சாவியின் சிக்னலை மறைக்கும் பை வாங்கினால் போதுமா?

போதாது. நீங்கள் இங்கிலாந்தில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் வாசலில் நின்று பிடித்து, காரருகே நிற்கும் கூட்டாளிக்கு அனுப்புகிற திருட்டை அது தடுக்கும். என் கார் அப்படிப் போகவில்லை.

நாங்கள் கிழக்கு லண்டனில் குடியிருக்கிறோம். இரண்டு சாவிகளும் மாடியில், மூடி போட்ட தகர டப்பாவுக்குள் இருந்தன. காலையில் பார்த்தால் காரைக் காணோம். எதிர்வீட்டு கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வந்தவன் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பம்பரின் ஓரத்தை நெம்பி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டான். கொஞ்ச நேரத்தில் இண்டிகேட்டர் மின்னியது, கதவைத் திறந்து ஏறிப் போய்விட்டான். தரையில் உடைந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்று மட்டும் கிடந்தது.

இன்சூரன்ஸில் கேட்ட முதல் கேள்வி, "சாவியை வாசலருகே வைத்திருந்தீர்களா?" வீடியோவை அனுப்பிய பிறகும் அதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இது என் ஊகம் இல்லை. வாகன மின்னணுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட இயான் டேபரின் டொயோட்டா ராவ்4 காரே 2022இல் லண்டனில் இப்படித்தான் போனது. அது எப்படி நடந்தது என்பதை அவரோடு சேர்ந்து ஆராய்ந்த கென் டிண்டல் 2023 ஏப்ரலில் விரிவாக எழுதினார். காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது 'கேன்' என்ற இரண்டு முறுக்கு ஒயர்கள் வழியாக. பாஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறை இது. செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. பல கார்களில் ஹெட்லைட் வரைக்கும் இந்த ஒயர் போகிறது. ப்ளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்த ஒரு கருவியை அங்கே மாட்டி, 'சரியான சாவி உள்ளே இருக்கிறது' என்று பொய்ச் செய்தி அனுப்பினால், கார் நம்பிவிடுகிறது. இதில் சொந்தக்காரன் என்ன கவனக்குறைவாக இருந்தான்?

எல்லா மாடலிலும் இது நடக்கும் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து கமெண்டில் அதற்குச் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் கார் கணினிகளை ஏமாற்ற முடியும் என்பது புதிதில்லை: 2015லேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை இன்டர்நெட் வழியாகவே முடக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் சைபர் பாதுகாப்பு விதி கட்டாயமானது 2024 ஜூலையில்தான். அதற்கு முன் விற்ற கார்கள் இன்னும் தெருவில்தான் நிற்கின்றன.

   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு ஒன்று வாங்குங்கள். பொய்ச் செய்தியால் அதைத் திறக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அதற்கு நேரமும் சத்தமும் ஆகும். பின் நம்பர் அடித்தால்தான் எஞ்சின் ஓடும் தனி இம்மொபிலைசர் பொருத்தினால் இன்னும் நல்லது, ஆனால் அதை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் பம்பர் ஓரம் விலகியோ, ஹெட்லைட் ஒயர் தொங்கியோ இருந்தால், தெருப் பையன்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, அன்றே போலீஸில் பதிவு செய்து, அன்று இரவு காரை வேறிடத்தில் நிறுத்துங்கள். டேபரின் காரிலும் முதலில் பம்பரும் ஹெட்லைட் ஒயரும்தான் பிடுங்கப்பட்டிருந்தன, கார் பிறகுதான் போனது.